யானையின் வயிறு

குடைந்தோமா, இல்லையா. சூளைக்கு எதிரே பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து சூரியகலா இந்த ஒரு கேள்வியையே மென்றுகொண்டிருந்தாள். காலையில் விசையைத் தட்டி, சூளையின் நெற்றியில் சிவப்பு எண்கள் கண் விழித்து ஏறத் தொடங்கியபோது அவளுக்குப் பயம் எதுவும் இருக்கவில்லை. உள்ளதைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. அருங்காட்சியகத்தை நடத்தும் மெர்சி மேடம் முதல் தடவையாகச் சூளையை அவளிடம் தனியே விட்டுவிட்டு, கோடைக் கண்காட்சிக்கு இரவல் கேட்டிருந்த பழைய ஊறுகாய் ஜாடிகளை வேனில் ஏற்றி வரப் பாண்டிச்சேரிக்குப் போயிருந்தார். நாளை மாலை திறப்பு விழா. கோடை முகாமுக்கு வந்த பிள்ளைகள் களிமண்ணில் செய்ததெல்லாம் இந்தச் சூளைக்குள்தான் இருக்கிறது. இன்று சுட்டு, ராத்திரி முழுக்க ஆறவிட்டு, நாளை மதியம் திறந்து, முன்கூடத்து நீள மேசையில் அவரவர் பெயர்ச்சீட்டுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அப்புறம்தான் வாட்ச்மேன் காத்தமுத்து டீ டம்ளரோடு வந்தார். "என்னா டீச்சரம்மா, இட்லி வெந்துச்சா?" என்றார். அவள் சிரித்தாள். டம்ளரை நீட்டிக்கொண்டே இடுப்பைப் பிடித்துக் காட்டினார். "நேத்து அந்தப் பலகைய தூக்கியாந்தேன் பாரு, இன்னும் நிமிர முடியல. அந்த யானைய மண்ணுல செஞ்சாங்களா, இல்ல முதுமலையிலேருந்து புடிச்சியாந்தாங்களா? என்னா கனம்!" சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு வாசலுக்குப் போய்விட்டார். சூரியகலா அதற்கும் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. யானைக்கு எதற்குக் கனம்? குடைந்த யானை கனக்காதே. பெருவிரல் பருமனுக்கு மேல் தடித்த எதையும் அப்படியே சூளைக்குள் வைக்கக் கூடாது. கம்பியால் இரண்டாக அறுத்து, உள்ளே இருக்கும் மண்ணைச் சுரண்டி எடுத்து, மறுபடி ஒட்டி, அடிவயிற்றில் ஊசியால் ஒரு துளை போட வேண்டும். இதுதான் இங்கே முதல் பாடம். வெளியே காய்ந்தது மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் ஒளிந்திருக்கும், சூடு ஏறினால் அது ஆவியாகும், ஆவிக்கு வழி இல்லையென்றால் மண் வெடிக்கும், வெடித்தால் தான் மட்டும் போகாது, பக்கத்தில் இருக்கிறதையெல்லாம் கூட்டிக்கொண்டு போகும். வேதியியல் படித்தவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. முகாமுக்கு வருகிற குட்டிப் பெண் ஆதிரையின் யானை கீழ்த்தட்டில் நட்டநடுவில் நிற்கிறது. அதைச் சுற்றித்தான் மற்ற பிள்ளைகளின் கிண்ணங்களும் மீன்களும்.

குடைந்தது போன சனிக்கிழமை சாயங்காலம். அதை மறுபடி முதலிலிருந்து நினைத்துப் பார்ப்போம் என்று அவள் கண்ணை மூடினாள். மூடினால் எண் ஏறிவிடும் என்று திறந்துகொண்டாள். அன்றைக்கு மண் சரியான பதத்தில் இருந்தது, நகம் வைத்தால் பதியும், அழுத்தினால் நெளியாது. பெரிய மேசையில் நீளப் பலகை. பலகையின் இடது பக்கம் குடைய வேண்டியவை, வலது பக்கம் குடைந்து முடித்தவை. மூன்று பிள்ளையார், ஒரு ஜேசிபி, கொம்பு வைத்த மாடு, ஒரு குண்டு மீன், யானை. பிள்ளையார் மூன்றையும் முதலில் முடித்தாள், அது நிச்சயம், சாமியை இரண்டாக அறுக்கக் கை கூசியது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது, மனசுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் அறுத்தாள். அப்புறம் ஜேசிபி. அப்புறம் மாடு. மாட்டின் பாதி வயிறு கையில் இருக்கும்போது கரண்ட் போனது. அக்கினி நட்சத்திரத்து நாளில் மின்விசிறி நின்றால் காது அடைத்த மாதிரி ஒரு நிசப்தம் வரும், அது வந்தது. இருட்டில் அரை மாட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அசையாமல் நின்றாள், எதையாவது தட்டிவிட்டால் என்ன செய்வது என்று. காத்தமுத்து சார்ஜர் லைட்டோடு வந்தார். லைட்டை வைக்க இடம் வேண்டுமே, பலகையை இழுத்து, திருப்பி, மேசையின் அந்த ஓரமாகத் தள்ளினார். அங்கேதான் முடிச்சு. பலகை திரும்பியபோது தலை காலாகிவிட்டது, இடது வலதாகிவிட்டது. அவள் அதைக் கவனித்தாள். கவனித்தது நினைவிருக்கிறது. வலது பக்கம் இருக்க வேண்டிய ஜேசிபி இடது பக்கம் நின்றதைப் பார்த்து, ஓ, திரும்பிவிட்டது என்று சொல்லிக்கொண்டாள். பிறகு மாட்டை ஒட்டினாள். பிறகு அப்பா போன் செய்தார், எப்பம்மா வருவ, கடைசி பஸ்ஸ உட்டுடாத என்றார். பிறகு கரண்ட் வந்தது. பிறகு ஒன்றைக் கையில் எடுத்தாள், அறுத்தாள், குடைந்தாள், ஒட்டினாள். எது? மீன். செதிள் நகத்தடியில் ஏறியது மீன்தான். மீனுக்குப் பிறகு யானையா, அல்லது யானை ஏற்கெனவே முடிந்த பக்கத்தில் நின்றதா? முடிந்த பக்கம் என்று அவள் அப்போது நினைத்தது பழைய வலதா, புதிய வலதா? ஒரு தடவை மனசுக்குள் திருப்பிக்கொண்டாள், சரி. கரண்ட் வந்த வெளிச்சத்தில் மறந்துபோய் இன்னொரு தடவை திருப்பினாளோ? இரண்டு தடவை திருப்பினால் திருப்பாத மாதிரிதானே. யானையின் முதுகில் கம்பி இறங்கியதை அவள் கையில் தேடினாள். கம்பி இறங்கியது. ஆனால் அந்த முதுகு மாட்டின் முதுகாக மாறியது, பிறகு பிள்ளையாரின் தொப்பையாக, பிறகு வெறும் மண்ணாக. மெர்சி மேடம் அன்றைக்கு ராத்திரி போனில் கேட்டார், "எல்லாம் குடைஞ்சாச்சா கலா?" "ஆச்சு மேடம்." ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கேள்வி முடிவதற்குள் பதில் வாயில் தயாராக இருந்தது.

எழுபத்து நான்கு டிகிரி. இப்போதுகூடத் திறக்கலாம். காத்தமுத்து டீ கொண்டுவந்தபோது ஐம்பதுகூட ஆகவில்லை, அப்போது திறந்திருந்தால் வெந்நீர்ப் பானையைத் தொடுகிற சூடுதான், கைக்குத் துணி சுற்றி மேல்தட்டு, நடுத்தட்டு எல்லாவற்றையும் இறக்கி, கீழ்த்தட்டிலிருந்து யானையை எடுத்து வயிற்றைப் பார்த்திருக்கலாம். ஊசித் துளை இருந்தால் குடைந்தது, இல்லாவிட்டால் இல்லை. அவ்வளவு சுலபம். அப்போது திறக்காததற்கு ஒரு காரணம் இருந்தது, என்ன காரணம்? யாராவது பார்த்தால் என்ன சொல்வது என்கிற காரணம். சூளையை மூடிவிட்டுத் திறப்பவள் எப்படிப்பட்ட வேலைக்காரி. அறுபதில் யோசித்தாள், இன்னும் கொஞ்சம் நினைத்துப் பார்த்தால் நினைவு வந்துவிடும், வந்துவிட்டால் திறக்கவே வேண்டாம் என்று. நினைவு வரவில்லை, எண் வந்தது. இப்போது திறந்தால் வெளிக்காற்று பட்டுச் சுடாத பச்சை மண் விரிசல் விடலாம், இறக்கும்போது ஒரு கிண்ணத்தின் விளிம்பு போகலாம், பிள்ளையாரின் காது போகலாம். திறக்காவிட்டால் நூறு. நூறைத் தாண்டும் இடத்தில்தான் அது நடக்கும். சத்தம் எப்படி இருக்கும் என்று அவள் ஒருதரம் கேட்டிருக்கிறாள், முகாமுக்கு முன்னால் மெர்சி மேடம் வேண்டுமென்றே ஒரு ஈர உருண்டையை வைத்துக் காட்டினார். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை, பலகைக்கு அடியில் யாரோ முஷ்டியால் ஒரு குத்து விட்ட மாதிரி, டப். அது அவளுக்குப் புதிய சத்தமும் இல்லை. அம்மா முந்திரிக் கொட்டகையில் வறுக்கிற வேலைக்குப் போன காலத்தில், பள்ளிக்கூடம் விட்டதும் அவள் நேரே அங்கேதான் போவாள். அகலத் தகரச் சட்டியில் கொட்டைகள் கருகி எண்ணெய் கக்கும், புகை கண்ணைப் பிடுங்கும், எந்தக் கொட்டை எப்போது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. வெடிக்கிறது ஒன்றும் பெரிதில்லை. வெடிப்பதற்கு முன்னால் இருக்கிற நேரம்தான். அம்மாவின் முன்கையில் சுண்டைக்காய் அளவுக்குக் கறுப்புப் புள்ளிகள் நிறைய உண்டு, ஒவ்வொன்றும் ஒரு டப். சின்ன வயசுச் சூரியகலா தூணுக்குப் பின்னால் நின்று காதைப் பொத்திக்கொண்டு சட்டியையே பார்ப்பாள். பார்த்துக்கொண்டே இருந்தால் வெடிக்காது என்று அவளுக்கு அப்போது ஒரு நம்பிக்கை இருந்தது. இப்போதும் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறாள். எழுபத்தாறு. கன்னத்தில் வைத்துப் பார்த்தாளே, அது? ஈரம் இருக்கிற மண் கன்னத்தில் ஜில்லென்று இருக்கும், காய்ந்தது இருக்காது, கையைவிடக் கன்னம்தான் நம்பிக்கையான உறுப்பு என்பார் மெர்சி மேடம். நேற்று அடுக்கும்போது ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்தாள். யானையையும் வைத்தாள். அதன் முதுகு வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. ஆனால் நேற்று வெயிலில் எதுதான் வெதுவெதுப்பாக இல்லை, சுவர், கதவுப் பிடி, குடிநீர்க் குழாய். முதுகு காய்ந்திருக்கும். வயிற்றைக் கன்னம் எப்படி அறியும்? அடியைத் திருப்பிப் பார்த்திருக்கலாம். தும்பிக்கை ஒடிந்துவிடும் என்று இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, பிறந்த குழந்தையை வைக்கிற மாதிரி வைத்தாள். அப்போது கனத்ததா? கனத்தது. யானைதானே, கனக்கும் என்று நினைத்தாள். அப்படி ஒரு முட்டாள்தனத்தை நினைத்தது இப்போது துல்லியமாக நினைவுக்கு வருகிறது. நினைவு வர வேண்டியது வராமல் இதெல்லாம் வருகிறது.

முன்கூடத்திலிருந்து கும்பலாகச் சிரிப்புச் சத்தம் வந்தது. விருத்தாசலத்துக்கு வெளியே மூடிப்போன பீங்கான் கம்பெனிக் கட்டடத்தைத்தான் அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார்கள். கோடை விடுமுறையில் கூட்டம் அலைமோதியது. சிரிப்பு வந்தால் எந்த இடம் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம், இந்தக் கம்பெனியில் செய்த முதல் கக்கூஸ் பீங்கானைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கும் இடம். "யம்மா, இத எதுக்கு பூட்டி வச்சிருக்காங்க?" என்று ஒரு பையன் கத்தினான். "அவசரத்துக்கு நீ போயிருவேன்னுதான்" என்று அந்த அம்மா பதில் கொடுத்தாள். மறுபடி சிரிப்பு. அங்கே இருக்கிறவர்களுக்கு எல்லாம் சுட்டு முடித்த பொருள்கள். கரண்டுக் கம்பத்துப் பீங்கான் கிண்ணிகள், ஓடுகள், ஃபியூஸ் கட்டைகள், தேநீர்க் கோப்பைகள், எல்லாம் நெருப்பைக் கடந்து வந்து கண்ணாடிக்குப் பின்னால் நிம்மதியாக உட்கார்ந்திருக்கின்றன. அவற்றோடு சூளைக்குள் போய் வெடித்தவற்றுக்கு எந்தப் பெட்டியும் இல்லை, பெயர்ச்சீட்டும் இல்லை. பின்கட்டுக் கதவு சரேலென்று திறந்தது. சூரியகலா ஸ்டூலிலிருந்து எழுந்தேவிட்டாள். ஆதிரை. ஓட்டில் வண்ணம் தீட்டும் வகுப்புக்கு வந்தவள், ஏழு வயசு, முழங்கை வரை நீலம். "அக்கா, என் யானை வெந்துடுச்சா?" யானை என்று சொல்லும்போது அவள் கை தானாகத் தும்பிக்கை ஆனது. முகாமில் மற்றப் பிள்ளைகள் கிண்ணம், மீன் என்று நாளுக்கொன்றாகச் செய்து தள்ளியபோது இவள் எல்லா நாளும் இந்த ஒரே யானையைத்தான் செய்தாள். ஒரு வாரம் மெலிதாக இருக்கிறது என்று அடுத்த வாரம் மண் அப்பினாள், நன்றாகச் சாப்பிடுகிற யானையாம். அது வெயிலில் காய்ந்துவிடக் கூடாது என்று தன் கைக்குட்டையை நனைத்துப் போர்த்திவிட்டு வீட்டுக்குப் போவாள். அந்த ஈரக் கைக்குட்டையை இப்போது சூரியகலா நினைத்துக்கொண்டாள். எத்தனை நாள் ஊற்றிய தண்ணீர் அந்த வயிற்றுக்குள். "வெந்துக்கிட்டிருக்கு பாப்பா" என்றாள். "நாளைக்கு வந்து பாக்கலாம்." "நல்லா வருமா?" "ம், நல்லா வரும்." சொன்ன வேகத்தைக் கேட்டு அவளுக்கே திக்கென்றது. கேள்வி முடிவதற்குள் பதில். ஆதிரை நம்பிக்கொண்டு ஓடிப்போனாள், கதவில் நீல விரல்கள் நான்கு பதிந்திருந்தன. எண்பத்து ஒன்று.

இந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனால் டாக்டர் சீட்டை நீட்டி, இது சாப்பாட்டுக்கு முன்னாடி, இது பின்னாடி, இது வலிச்சா மட்டும், புரிஞ்சுதா என்பார். புரிஞ்சுதா என்று முடிப்பதற்குள் அப்பா, "புரிஞ்சுதுங்க" என்பார். சர்க்கரை ஆலையில் மூட்டை ஏற்றுகிறவர், மூட்டை ஏறும்போதும் அந்த முகம்தான், ஏத்துங்க, தாங்கும். வெளியே வேப்பமரத்தடிக்கு வந்ததும் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், "என்னம்மா சொன்னாரு?" என்பார். ஏம்ப்பா அங்கேயே கேக்கல என்றால், "கேட்டா வெளிய போன்னு சொல்லிட்டா?" யாரும் அப்படிச் சொன்னதில்லை. சொல்லிவிடுவார்கள் என்று அவருக்கு மட்டும் எப்போதும் இருந்தது. அந்தப் பயத்தோடுதான் அவளைக் காலேஜுக்கு அனுப்பினார், அந்தப் பயத்தை அவளிடம் கொடுத்தனுப்பினார் என்றும் சொல்லலாம். மூன்று வருஷமும் அவள் தலையை ஆட்டியே படித்தாள். வகுப்பில் புரியாததை ராத்திரி உட்கார்ந்து தனியாகப் புரியவைத்துக்கொண்டாள், அதனால் மார்க் வந்தது, மார்க் வந்ததால் பழக்கம் போகவில்லை. இப்போது தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அப்பா சொல்லிவைத்திருக்கிறார், எம்பொண்ணு மியூசியத்துல ஆபீசரு. கோடை முடிந்ததும் அவளை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று மெர்சி மேடம் சொல்ல வேண்டும், அதுவரை அவள் ஆபீசரும் இல்லை, ஒன்றும் இல்லை என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மெர்சி மேடத்திடம் சூரியகலாவைத் திடுக்கிட வைக்கிற ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஒரு ஜாடியைக் காட்டி, இது எந்தக் காலத்து ஜாடி என்று கேட்டால், குனிந்து நன்றாகப் பார்ப்பார், பிறகு சாவகாசமாக, "தெரியாதுங்க" என்பார். பேண்ட் சட்டை போட்ட பெரிய மனிதர்களிடமும் அதே தெரியாதுங்க. முதல் தடவை கேட்டபோது சூரியகலாவுக்குக் காதே கூசியது, அவருக்காக அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. கேட்டவர் அடுத்த ஜாடிக்குப் போய்விட்டார். அவர் சொன்னால் ஒன்றும் ஆகாது, அவர் மெர்சி மேடம், அவருடைய அப்பா காலேஜ் வாத்தியார், அவர் தெரியாது என்று சொன்னால் மற்றதெல்லாம் தெரிந்தவர் என்று அர்த்தம். நான் சொன்னால், எனக்கு எதுவுமே தெரியாது என்று அர்த்தம். எண்பத்து ஐந்து. போன் மடியில் கிடந்தது. எத்தனை தடவை எடுத்து எத்தனை தடவை வைத்தாள். எடுத்து என்ன சொல்வது? குடைந்தேனா இல்லையா என்று மறந்துவிட்டேன் மேடம் என்றா? குடையவில்லை என்று சொன்னாலாவது ஒரு தப்பு, தப்புக்கு ஒரு முகம் இருக்கும். மறந்துவிட்டேன் என்பதற்கு என்ன முகம். தவிர, குடைந்திருந்தால்? ஒன்றுமில்லாததற்குச் சூளையை நிறுத்தி, விழாவைக் கெடுத்து, முப்பது வீட்டிலிருந்து வரும் அம்மா அப்பாக்களை வெறும் மேசைக்கு முன்னால் நிற்கவைத்து. பேசாமல் இருந்தால் நூறைத் தாண்டும், ஒன்றும் நடக்காது, நடக்கவில்லையென்றால் இந்தக் காலைப்பொழுது யாருக்கும் தெரியாமல் போய்விடும். நடந்தால்? நடந்தால் மண்ணில் காற்றுக்குமிழி இருந்தது என்று சொல்லலாம். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பிள்ளைகள் செய்தது, எப்படிப் பிசைந்தார்களோ. அப்படி ஒரு வாக்கியம் தன் மண்டைக்குள் முழுசாகத் தயாராக இருந்ததைக் கண்டு அவளுக்கு யானையைவிட அதுதான் பயமாக இருந்தது. நன்றாகச் சாப்பிடுகிற யானை என்று மண் அப்பிய பிள்ளையின் தலையில் அதைப் போட்டுவிட்டு நாளைக்கு எந்தக் கண்ணால் அந்தப் பிள்ளையைப் பார்ப்பது.

சூளையின் தோள் பக்கம் கட்டைவிரல் நுழைகிற அளவில் ஒரு துளை உண்டு. ஆவி போவதற்காக ஆரம்பத்தில் அதை அடைக்காமல் விட்டிருப்பார்கள். துளைக்கு எதிரே மெர்சி மேடம் ஒரு சின்னக் கைக்கண்ணாடியைப் பிடிப்பார், கண்ணாடியில் ஆவி பூத்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, பூக்காவிட்டால் இல்லை. கண்ணாடி அவருடைய கைப்பையோடு பாண்டிச்சேரி போய்விட்டது. சூரியகலா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடியை எடுத்தாள். அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றின் எண்ணெய் மூடியில் ஒட்டியிருந்தது. துப்பட்டாவால் அழுத்தித் துடைத்தாள், துடைத்ததைத் துடைத்தாள், பிறகு துளைக்கு எதிரே பிடித்தாள். மூடியில் அவள் முகம் தெரிந்தது, நெற்றியில் மட்டும் வெளிச்சம். முகம் மங்கியது. மூக்கு போய், கண் போய், கடைசியில் நெற்றியும் போய் மூடி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிட்டது. அது யானையின் ஈரமாகவே இருக்க வேண்டும் என்று இல்லை. முப்பது பிள்ளைகளின் மண்ணில் யாருடைய ஈரமும் ஆகலாம். துடைத்துவிட்டு மறுபடி பிடித்தாள். பூத்தது. மறுபடி. பூத்தது. எண்பத்து ஒன்பது. கை தவறி மூடி சூளையின் இரும்பில் பட்டுக் கணீரென்றது. வெடித்துவிட்டது என்றே நினைத்தாள். அந்த ஒரு நொடியில், வெடித்துவிட்டது என்று நினைத்த அந்த ஒரு நொடியில், பயம் இல்லை. அப்பாடா என்று இருந்தது. இனி எதுவும் செய்ய வேண்டாம், எதையும் சொல்ல வேண்டாம், எல்லாம் முடிந்தது. பிறகு மூடியின் சத்தம்தான் என்று தெரிந்தது. எண்கள் அப்படியே எரிந்துகொண்டிருந்தன. அந்த அப்பாடா மட்டும் வாயில் கசந்தது. வெடிக்கட்டும் என்று நான் காத்துக்கொண்டிருக்கிறேனா என்று கேட்டுக்கொண்டாள். இந்தக் கேள்விக்கு அவளிடம் தயாரான பதில் எதுவும் இருக்கவில்லை. தொண்ணூறு. போனை எடுத்தாள், யோசிப்பதற்குள் விரல் அழுத்திவிட்டது.

"சொல்லு கலா." பின்னால் யாரோ வைக்கோல் கட்டை இன்னும் போடு என்று கத்திக்கொண்டிருந்தார்கள், ஜாடிகளை ஏற்றுகிறார்கள்.

"மேடம், அந்த யானை..."

"எந்த யானை?"

"ஆதிரையோட யானை. அத குடைஞ்சனா இல்லையான்னு..." வார்த்தை அங்கே நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒரே ஒரு சொல்தான், பொழுதெல்லாம் அதைச் சுற்றித்தான் நடந்துகொண்டிருந்தாள். "எனக்குத் தெரியல மேடம்."

"தெரியலயா?"

"தெரியல."

"எல்லாம் ஆச்சுன்னு அன்னைக்குச் சொன்னியே."

"சொன்னேன் மேடம். அப்பவும் தெரியாது. கரண்ட் போயி பலகை திரும்பிடுச்சு, நான் சரியா பாக்கல."

"இப்ப எத்தனை?"

"தொண்ணூத்தி ஒண்ணு."

"அட லூசே!" என்றார் மெர்சி மேடம். கோபமா, பதற்றமா என்று பிரிக்க முடியவில்லை. "மொதல்ல திருகு பக்கம் போ. போயிட்டியா? கடைசிப் புள்ளிக்கு இறக்கு. அணைக்காத, இறக்கு. எண்பதுலயே நிக்கட்டும். திறக்காத. துளைய அடைச்சிருக்கியா?"

"இல்ல மேடம்."

"அதையாவது செஞ்சியே. கண்ணாடி எங்கிட்ட இருக்கு, வேற எதையாவது வச்சுப் பாரு, ஆவி நிக்கிற வரைக்கும் ஏத்தக் கூடாது. ராத்திரி ஆனாலும் சரி, நாளைக்கு ஆனாலும் சரி."

"நாளைக்கு விழா மேடம்."

"ஆமா. நாளைக்கு மேசை காலியாத்தான் இருக்கும்." ஒரு பெருமூச்சு. "காலையில விசையப் போடும்போது கேட்டிருந்தா பத்து நிமிஷத்துல எடுத்துப் பாத்திருக்கலாம், தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்." இது உண்மையிலேயே தெரியும்.

"பிள்ளைங்ககிட்ட நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். மத்தத வந்து பேசிக்கலாம்." மத்தது என்றால் எது என்று அவள் கேட்கவில்லை. அதைக் கேட்க இன்னொரு நாளின் தைரியம் வேண்டும். போன் அணைந்தது.

திருகைக் கடைசிப் புள்ளிக்கு இறக்கியும் எண் உடனே நிற்கவில்லை. தொண்ணூற்று இரண்டுக்குப் போனது. தொண்ணூற்று மூன்று. சூளைக்குள் ஏறிய சூட்டுக்கு அவள் திருகியது இன்னும் போய்ச் சேரவில்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள், தூணுக்குப் பின்னால் நின்ற மாதிரியே, காதை மட்டும் பொத்தவில்லை. தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்று இரண்டு. இறங்க ஆரம்பித்ததும் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தாள். பயம் போகவில்லை. இடம்தான் மாறியிருந்தது, சூளைக்குள்ளிருந்து முன்கூடத்துக்குப் போய்விட்டது, காலி மேசைக்கும் பெயர்ச்சீட்டுகளுக்கும் நடுவில் நின்று அவளுக்காகக் காத்திருந்தது. மைக்கைப் பிடித்து என்ன சொல்வாள்? மேடம் சொன்னது காதில் நின்றது: மத்தத வந்து பேசிக்கலாம். அப்பா வேறு நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருவார், முன்வரிசையில் உட்காரக் கூசி, கடைசியில் நின்று பார்ப்பார்.

கதவு திறந்தது. நீலக் கைக்கு மேல் இப்போது மஞ்சளும் ஏறியிருந்தது. "அக்கா, இப்ப வெந்துடுச்சா?"

சூரியகலா வாயைத் திறந்தாள். ம், வெந்துடும் என்பது நாக்கு நுனிக்கு வந்து உட்கார்ந்தது. அதை விழுங்கினாள். "இல்ல பாப்பா. நாளைக்கும் வேகாது. யானை வயித்துல இன்னும் ஈரம் இருக்கான்னு அக்காவுக்குத் தெரியல. நான் சரியா பாக்காம வச்சிட்டேன். இருந்துச்சுன்னா உடைஞ்சிடும். அதான் மெதுவா காய வைக்கிறோம்."

ஆதிரையின் முகம் சுருங்கியது. அழப்போகிறாள் என்று நினைத்தாள். ஆதிரை சூளையைப் பார்த்தாள், அவள் கையிலிருந்த டப்பா மூடியைப் பார்த்தாள். "அது எதுக்கு?"

"ஈரம் இருக்கான்னு பாக்க."

"நான் பாக்கிறேன்." கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்கிற பழக்கம் அந்தப் பிள்ளைக்கு இல்லை. சூரியகலா அவளை ஸ்டூல் மேல் ஏற்றி, சூடு படாத தூரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். ஆதிரை இரண்டு கையாலும் மூடியைத் துளைக்கு எதிரே நீட்டினாள். இரண்டு முகமும் மூடியில் தெரிந்து, மெல்ல மங்கின. ஆதிரை மூடியைத் தள்ளினாள், தெளிந்தது. கிட்டே கொண்டுபோனாள், மங்கியது. மறுபடி தள்ளினாள்.

"அக்கா" என்றாள், ரகசியம் சொல்கிற குரலில். "யானை மூச்சு விடுது."

சூரியகலா மூடியைப் பார்த்தாள். பூத்தது, தெளிந்தது, பூத்தது. பொழுதெல்லாம் இதைப் பார்த்துத்தான் நடுங்கிக்கொண்டிருந்தாள். உள்ளே இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று இதுவரை அவளுக்குத் தோன்றவே இல்லை. எண்பத்து ஏழு.

"விடட்டும்" என்றாள். "மெதுவா விடட்டும்." துப்பட்டாவின் முனையால் மூடியைத் துடைத்து, மறுபடி பிள்ளையின் கையில் கொடுத்தாள்.